ஐ7 என்ற ஸ்டிக்கரைப் பார்த்து லெப்டொப் வாங்கலாமா?

பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் காலம் வந்தால், தெரிந்தவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான்: "இரண்டு லெப்டொப்பும் ஒரே மாதிரித்தானே இருக்கு, ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூட விலை?" கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு வரிதான். "இது ஐ5, அது ஐ7." ஐந்தைவிட ஏழு பெரிது என்பதால் வாப்பாமார் அதற்கு மேல் கேட்பதில்லை. மேலதிகக் காசைக் கடன்பட்டாவது கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த மேலதிகக் காசு எதற்காக என்பதைப் புரிந்துகொள்ள, புரொசசர் தயாராகும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் தகடு ஒன்றில் நூற்றுக்கணக்கான சிப்கள் ஒன்றாக உருவாக்கப்படுகின்றன. வடிவமைப்பும் இயந்திரமும் ஒன்றுதான் என்றாலும் வெளிவருபவை ஒரே தரத்தில் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத தூசு ஒன்று விழுந்தால், அந்த இடத்திலுள்ள பகுதி வேலை செய்யாது. சில சிப்கள் குறைந்த மின்சாரத்திலேயே வேகமாக ஓடும். சில அதே வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சூடாகும். எனவே ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். பேருவளை சீனன்கோட்டையில் இரத்தினக்கல் தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பழுதான பகுதியுள்ள சிப்பை வீசிவிடுவதில்லை. அந்தப் பகுதியை முடக்கி, வேறு பெயரில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். இன்டெல்லின் மேசைக் கணனிப் புரொசசர்களில் ஐ5-12400 என்றும் ஐ5-12400எஃப் என்றும் இரண்டு உண்டு. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது. விலை குறைவு என்று அதை வாங்கினால் தனியாக கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் எதுவும் தெரியாது.

எல்லாம் பழுதினால் வரும் வித்தியாசம் என்றும் நினைக்க வேண்டாம். 1991இல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்ற மலிவான சிப்பை வெளியிட்டது. அது கணிதப் பகுதி முடக்கப்பட்ட 486டிஎக்ஸ்தான். பின்னர் கணிதப் பகுதி தேவைப்பட்டவர்களுக்கு 487எஸ்எக்ஸ் விற்கப்பட்டது. உண்மையில் அது ஒரு முழு 486டிஎக்ஸ். அதைப் பொருத்தியதும் பழைய சிப் வேலையை நிறுத்திவிடும்! தொழிற்சாலைக்கும் வடிவமைப்புக்கும்தான் பெருஞ்செலவு. மேலதிகமாக ஒரு சிப் செய்ய ஆகும் செலவு சிறியது. ஆகவே பணக்காரனுக்கு ஒரு விலையும் மற்றவனுக்கு இன்னொரு விலையும் வைத்து இருவரிடமும் விற்பது நிறுவனத்துக்கு இலாபம். என்ன முடக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லி விற்கும்வரை இதில் எனக்குப் பெரிய ஆட்சேபனை இல்லை.

என் ஆட்சேபனை எல்லாம் சொல்லாமல் விற்பதில்தான், குறிப்பாகப் பாவித்த லெப்டொப் சந்தையில். 2016இல் வந்த ஐ7-7500யூ புரொசசரில் இரண்டு கோர்கள்தான். அடுத்த வருடம் வந்த ஐ5-8250யூவில் நான்கு. இன்டெல் அறிவித்த விலையோ முந்தையதற்கு 393 டொலர், பிந்தையதற்கு 297 டொலர். அதாவது விலை குறைந்த ஐ5தான் பல வேலைகளை ஒன்றாகச் செய்வதில் முன்னிற்கிறது. இன்னொரு விடயமும் உண்டு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் அங்கீகரித்த பட்டியலில் அந்த ஐ5 இருக்கிறது, ஐ7 இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஸ்டிக்கரை நம்பி அந்த ஐ7ஐ வாங்கிக் கொடுத்தால், நான்கு வருடப் படிப்புக்கு அது தாக்குப்பிடிக்குமா?

ஆகவே ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைக் கேளுங்கள். 7500 என்றால் 7ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை, 1135ஜி7 என்றால் 11ஆம் தலைமுறை. கடைசி எழுத்து யூ என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிப்பது, எச் என்றால் வேகம் கூடியது, பற்றரி சீக்கிரம் இறங்கும். (2023 கடைசியில் வந்த கோர் அல்ட்ரா வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெயர் வைப்பதில் இந்த நிறுவனங்களுக்கு ஏன்தான் இவ்வளவு குழப்பமோ!)

விற்பவர் சொல்லத் தயங்கினால், லெப்டொப்பை இயக்கி கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். திறக்கும் டாஸ்க் மனேஜரில் பெர்போமன்ஸ் பகுதிக்குப் போனால் புரொசசரின் முழுப் பெயரும் கோர்களின் எண்ணிக்கையும் தெரியும். காசைக் கொடுக்க முன் அதைப் போனில் ஒரு படம் எடுத்து, விடயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள்.