கப்பல் பயணமும் பேரக் குழந்தைகளும்

முன்பெல்லாம் நம் சங்கக் குடும்பங்களில் விடுமுறை என்றால் தாதர் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்து ஊருக்குப் போவது வழக்கம். இப்போது கொஞ்ச காலமாகச் சொகுசுக் கப்பல் மோகம் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் பணம் கட்டிவிடுகிறார்கள். பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போகிறார்கள். அப்படித்தான் நானும் என் மனைவியும் மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை நான்கு இரவுப் பயணம் போய்வந்தோம். கப்பலின் பெயர் இங்கே வேண்டாம். கப்பல்காரர்கள் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

என் பெரியப்பா இதே பினாங்குக்கு 1950-களில் நாகப்பட்டினத்திலிருந்து 'ராஜூலா' கப்பலில் போனவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கட்டுச்சாதம் தின்று, குழந்தை குட்டிகளின் அழுகைக்கு நடுவே போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார். அங்கே யாரும் யாருடைய குழந்தையைப் பற்றியும் புகார் சொன்னதாகக் கேட்டதில்லை. நாங்கள் போன கப்பலிலோ முதல் இரவே புகார் வந்துவிட்டது.

இரவு பதினொரு மணி இருக்கும். ஒன்பது வயதுப் பேரனும் ஆறு வயதுப் பேத்தியும், அதற்குள் சிநேகம் பிடித்த இன்னும் நான்கைந்து நம் நாட்டுப் பிள்ளைகளும், காரிடாரில் ஓட்டப்பந்தயம் வைத்துக்கொண்டிருந்தார்கள். மகனும் மருமகளும் நாட்டிய நிகழ்ச்சி பார்க்கப் போயிருந்தார்கள். பக்கத்துக் கேபின் கதவு திறந்து, ஆஸ்திரேலியப் பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். "ஐயா, என் மனைவிக்கு உடம்பு சரியில்லை. இந்தப் பயணத்துக்காக நாங்கள் ரொம்ப நாளாகக் காசு சேர்த்தோம்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. நான்தான் விறைப்பாக, "குழந்தைகள் என்றால் ஓடத்தான் செய்யும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த இரவு தூக்கம் வரவில்லை. மாதுங்கா ரயில் பெட்டிப் பணிமனையில் 36 வருஷம் உழைத்தவன் நான். ஒரு சத்தம் எங்கே பிறந்து எந்த வழியாகப் பயணிகள் காதுக்கு வருகிறது என்று தேடுவதும் என் தொழிலில் ஒரு பகுதி. படுத்தபடியே யோசித்தபோது அந்தப் பெரியவர் சொன்னதில் இருந்த நியாயம் புரிந்தது.

வீட்டுச் சுவர் செங்கல்லால் ஆனது. கப்பல் கேபின் சுவரோ இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள், நடுவில் கனிமக் கம்பளிப் பஞ்சு. தீப்பிடிக்காத பொருளாக இருக்க வேண்டும் என்பது ஸோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. மேல்தளங்களில் எடை ஏறினால் கப்பல் நிலைகுலையும் என்பதால் கனமான சுவரும் வைக்க முடியாது. காரிடாரில் கம்பளம் விரித்திருப்பார்கள். பேச்சுச் சத்தத்தை அது ஓரளவு விழுங்கும். ஆனால் குதிகாலால் 'தொம் தொம்' என்று ஓடும் அதிர்வு காற்றில் போவதில்லை. தளத்தின் எஃகிலேயே பரவி, கீழ்க் கேபினின் கூரையை மத்தளமாக்கிவிடும். ஓடுகிற குழந்தைக்கு இது தெரியாது. காரிடாரில் நிற்கும் பெற்றோருக்கும் தெரியாது. படுத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. ரயிலில் ஒரு குழந்தை படுத்தினால் புசாவலில் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையாவது உண்டு. கப்பலில் புசாவல் கிடையாது. நான்கு நாளோ பத்து நாளோ, அதே லிஃப்ட், அதே சாப்பாட்டுக் கூடம், அதே பக்கத்துக் கேபின். லிஃப்டில் எல்லாத் தளங்களின் பொத்தானையும் அமுக்கிவிட்டு ஓடுவது சின்ன விளையாட்டுத்தான். ஆனால் கைத்தடி ஊன்றி நிற்கும் ஒருவர் பதினான்கு தளங்களிலும் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இதில் குழந்தைகளின் குற்றத்தைவிட வியாபாரத்தின் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். உல்லாசக் கப்பல் ஒரு காலத்தில் ஓய்வு பெற்ற பணக்காரர்களுக்கானது என்றே பெயர். 1972-இல் 'கார்னிவல்' நிறுவனம் முதல் கப்பலை விட்டு, நடுத்தரக் குடும்பங்களை இழுக்க ஆரம்பித்தது. 1998-இல் 'டிஸ்னி மேஜிக்' வந்தது. குழந்தைகளுக்காகவே கட்டிய கப்பல் அது. 2024 ஜனவரியில் ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள், 6 நீர்ச் சறுக்குகள். நிரம்பினால் 7,600 பயணிகள். ஒரே கம்பெனி ஒரு விளம்பரத்தில் சறுக்கில் கூச்சலிடும் குழந்தையைக் காட்டுகிறது; இன்னொன்றில் அமைதியான கடலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் வயோதிகத் தம்பதியைக் காட்டுகிறது. இரண்டு பேரும் முழுப் பணம் கட்டி ஒரே கப்பலில் ஏறுகிறார்கள். பிறகு ஏன் உரசல் வராது?

இந்த உரசலையும் வியாபாரமாக்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் பி அண்ட் ஓ கம்பெனியின் 'ஆர்கேடியா' 2005-இல் வந்தபோதே பெரியவர்களுக்கு மட்டும் என்று வந்தது. 'அரோரா'வையும் 2019-இல் அப்படியே மாற்றினார்கள். வைக்கிங், வர்ஜின் கப்பல்களில் 18 வயது நிரம்பாதவருக்கு இடமில்லை. மற்றக் கப்பல்களில் பெரியவர்களுக்கென்று தனிக் குளம், தனித் தளம் ஒதுக்குகிறார்கள். டிஸ்னி கப்பலில்கூட அப்படி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் 'வெள்ளைக்காரனுக்குக் குழந்தை பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சாப்பாட்டு மேஜையில் பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில் பலவிதமான மனிதர்கள் இருந்தார்கள். பேரக் குழந்தைகள் தூர தேசத்தில் இருப்பதால் என் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு காகிதப் படகு செய்து கொடுத்த அம்மாள் ஒருவர். பள்ளி ஆசிரியை ஒருவர், "வருஷம் முழுக்க முப்பது குழந்தைகளோடு இருக்கிறேன், இந்த ஒரு வாரமாவது வேண்டாம்" என்று சிரித்தார். சாப்பாட்டுக் கூடத்தில் குழந்தை அழுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழுகிற குழந்தையை விட்டுவிட்டுப் பெற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவர்களுக்கு உறுத்தியது.

நம்மவர்கள் அதிகம் சண்டை போடும் இடம் நீச்சல் குளம். டயப்பர் கட்டிய குழந்தையைக் குளத்தில் இறக்கக் கூடாது என்பது பெரும்பாலான கப்பல்களில் விதி. "நீச்சல் டயப்பர்தானே கட்டியிருக்கிறேன்" என்று ஒரு தாய் சிப்பந்தியிடம் வாதாடியதைக் கண்ணால் பார்த்தேன். அந்த டயப்பர் கெட்டியானதைத்தான் ஓரளவு பிடிக்கும். நீராகப் போவதைப் பிடிக்காது. குளத்தில் போடும் குளோரின் பல கிருமிகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி, சரியான அளவு குளோரின் உள்ள நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடியது. ஒரு குழந்தை நீரை அசுத்தப்படுத்தினால் குளத்தை மூடிச் சுத்திகரிக்க வேண்டும். அன்றைக்கு மற்றவர்களுக்குக் குளம் இல்லை. சில கப்பல்களில் இந்தக் குழந்தைகளுக்கென்றே தனி நீர்த்தெளிப்பு இடம் வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

பஃபேயிலும் இதே கதைதான். கரண்டியை விட்டுவிட்டுக் கையால் எடுப்பது, எடுத்ததைத் திரும்ப வைப்பது குழந்தைகளுக்குச் சகஜம். கப்பலில் வாந்தியும் பேதியுமாகப் படுக்க வைக்கும் நோரோ வைரஸ் தொற்றிக்கொள்ள மிகச் சில துகள்கள் போதும். கையில் தடவும் சானிடைசர் அதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிக் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்புத் துறை 1970-களிலிருந்து சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 86-க்குக் கீழே வந்தால் கப்பல் தேறவில்லை என்று அர்த்தம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ரயில் பெட்டி ஜன்னல்களில் குறுக்குக் கம்பி இருக்கும். அவசர வழி ஜன்னலுக்கு மட்டும் கம்பி கிடையாது. அங்கே குழந்தையை உட்கார வைக்காதீர்கள் என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கப்பல் பால்கனியில் கம்பி போட்ட ஜன்னல் இல்லை, கைப்பிடிச் சுவர் மட்டும்தான். அமெரிக்கா 2010-இல் கொண்டுவந்த சட்டப்படி அதன் உயரம் 42 அங்குலம், அதாவது சுமார் 107 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தரையில் நிற்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அது மார்புக்கு மேல் வரும், பயமில்லை. பால்கனியில் ஒரு நாற்காலி கிடக்கிறதே, அதன் இருக்கை 45 சென்டிமீட்டர். குழந்தை அதன்மேல் ஏறினால் கைப்பிடி அதன் பாதத்திலிருந்து 62 சென்டிமீட்டர்தான். 115 சென்டிமீட்டர் உயரக் குழந்தையின் எடை மையம் ஏறக்குறைய 65 சென்டிமீட்டரில் இருக்கும். எடை மையம் கைப்பிடிக்கு மேலே போய்விட்டால் பிறகு சாய வேண்டியதுதான் பாக்கி.

இந்தக் கணக்கை நான் பிற்பாடுதான் போட்டேன். இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் கேபினில் கண்ணயர்ந்துவிட்டேன். மனைவி பேரனோடு மேல்தளத்துக்குப் போயிருந்தாள். பேத்தி என் பொறுப்பு. காற்று முகத்தில் அடித்து விழித்துப் பார்த்தால் பால்கனிக் கதவு திறந்திருக்கிறது. பேத்தி நாற்காலியைக் கைப்பிடியோரம் இழுத்துப் போட்டு மேலே ஏறி நின்று, கப்பல் ஒதுக்கும் நுரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாவது தளம்.

கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள் என்று தோன்றியது. சத்தமில்லாமல் நான்கு அடி நடந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்தேன். "தாத்தா, கை வலிக்குது" என்றாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

2019 ஜூலையில் பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்ற 'ஃப்ரீடம் ஆஃப் த சீஸ்' கப்பலில், 18 மாதப் பெண் குழந்தை ஒன்று 11-ஆம் தளத்தின் திறந்த ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தது. ஜன்னலருகே தூக்கிப் பிடித்திருந்தவர் அதன் தாத்தா. வழக்கு நடந்து 2021-இல் நன்னடத்தைக் காவலோடு முடிந்தது. இந்தச் செய்தியை அப்போது படித்துவிட்டு 'என்ன மனுஷன்' என்று நினைத்தவன் நான்.

ரயிலில் ஆபத்துச் சங்கிலி இருக்கிறது. அதை விளையாட்டுக்கு இழுத்தால் ரயில்வே சட்டம் 141-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கப்பலில் பயணி இழுக்கச் சங்கிலி இல்லை. யாராவது விழுந்தது தெரிந்தாலும் கப்பல் உடனே நிற்காது. விழுந்த பக்கமாகச் சுக்கானை முழுக்கத் திருப்பி, 60 டிகிரி போனபின் எதிர்ப் பக்கம் முழுக்கத் திருப்பி, வந்த தடத்திலேயே மீண்டும் வர வேண்டும். இதற்கு வில்லியம்சன் திருப்பம் என்று பெயர். இதெல்லாம் யாராவது பார்த்திருந்தால்தான்.

அன்று முதல் நாற்காலிகளைக் கேபினுக்குள் எடுத்துப் போட்டேன். பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதைப் போட மறந்தவன் நான்தான். கப்பலில் ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கன்கார்டியா' கவிழ்ந்தபின், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனோ அது நடந்தாக வேண்டும் என்று விதியை இறுக்கியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கான சிறிய மிதவை அங்கிகள் தனியாக உண்டு. நம் குழந்தைக்கு எங்கே கிடைக்கும் என்று அப்போதே கேட்டுவிடலாம். ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை. குழந்தைகள் மன்றம் பொதுவாக மூன்று வயதிலிருந்து. பல கப்பல்களில் இரவு பத்து மணிவரை இலவசம், அதற்குமேல் கட்டணம். கார்னிவல் கப்பல்களில் 17 வயதுவரை உள்ளவர்கள் இரவு ஒரு மணிக்குமேல் பெரியவர் துணையில்லாமல் சுற்றக் கூடாது.

மூன்றாம் நாள் பக்கத்துக் கேபின் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெரியவர், "எனக்கும் நான்கு பேரன்கள்" என்றார். அதற்குமேல் அதிகம் பேசவில்லை. அவர் மனைவி கட்டிலில் படுத்தபடியே கையசைத்தார். பேரனையும் மற்றப் பிள்ளைகளையும் அன்றிரவு எட்டாவது தளத்தில் விளையாட்டு அறைக்கு நானே அழைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். முதுகுவலிதான்.

பால்கனியில் நடந்தது என் மகனுக்கு இதுவரை தெரியாது. சங்க இதழை அவன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மருமகள் சரளமாகப் படிப்பாள். அடுத்த மே மாதம் மறுபடியும் கப்பல் என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.