மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்: இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கான வழிகாட்டி

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. இரத்தத்தை உந்தித் தள்ளும் வலிமை குறைந்துவிட்டது என்று பொருள். அதனால் உடலில் நீர் தேங்குகிறது, கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது. வீடு திரும்பிய முதல் சில வாரங்களிலேயே பலர் மீண்டும் வார்டில் சேர்க்கப்படுகிறார்கள். பல வேளைகளில் இதைத் தவிர்க்க முடியும்.

புறப்படும் முன்
மருந்து விளக்கத்தைக் கேட்ட பின், அதை உங்கள் சொந்த வார்த்தையில் தாதியிடம் திருப்பிச் சொல்லுங்கள். மலாய் சரியாகப் புரியாவிட்டால் குடும்பத்தில் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் எடை பாருங்கள்
காலையில் சிறுநீர் கழித்த பின், பசியாறும் முன் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது கொழுப்பல்ல, நீர். அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

மருந்தை நிறுத்தாதீர்கள்
தோட்டத்தில் வேலை, பேருந்துப் பயணம் என்று நீர் மாத்திரையை விட்டுவிடுவோர் உண்டு. விடாதீர்கள், நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் நீரைத் தேக்கலாம். முதலில் மருந்தாளரைக் கேளுங்கள்.

பெடாஸ் வட்டாரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மருந்துக்காகச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. மருந்தகத்தில் 'எஸ்.பி.யு.பி.' முறையில் பதிந்துகொண்டால், தொடர் மருந்தை அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் பெறலாம்.

உப்பைக் குறையுங்கள்
ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்கட்டும். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், உடனடி மீ ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். நீர் அளவு குறித்துத் தந்திருந்தால் தேநீர், கஞ்சி, ரசம் எல்லாம் அதில் அடங்கும்.

மறுபரிசோதனைக்குச் செல்லுங்கள்
இரண்டு வாரத்திற்குள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உடம்பு நன்றாக இருந்தாலும் போங்கள். வண்டி வசதியை முன்கூட்டியே பேசி வையுங்கள். எல்லா மருந்துகளையும் எடைக் கணக்கையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

காத்திருக்க வேண்டாம்
- படுத்தால் மூச்சுத் திணறல், கூடுதல் தலையணை தேவைப்படுதல், கால் அல்லது வயிறு வீக்கம்: அன்றே கிளினிக்.
- நெஞ்சு வலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுதல்: உடனே 999.

இந்தத் தாளைக் காலண்டர் பக்கத்தில் மாட்டி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் இதைப் படிக்கட்டும்.