மெமரி கார்டில் தொலைந்த கீழடிச் சுற்றுலா!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்கிற வேலை, கேமராவிலும் மொபைலிலும் இருக்கும் போட்டோக்களை அதில் ஏற்றுவதுதான். அந்த வேலையில் ஒரே ஒரு கிளிக் தவறினால் என்ன ஆகும்? தவறிய பிறகு என்ன செய்யலாம்? நான் படித்த பள்ளியில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே சொல்கிறேன்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவள். 2014-ல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்.

எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் துறைக்கு என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி மடல் வரும். மொத்தம் 8 பக்கங்கள். அந்த ஆண்டு மாணவர்கள் போய் வந்த சுற்றுலா, வினாடி வினாவில் பரிசு வாங்கியவர்கள், எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு எழுதி உதவித்தொகைக்குத் தேர்வானவர்கள் எல்லோரும் அதில் இடம் பெறுவார்கள். அந்தத் தேர்வில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். எங்கள் ஊரில் அது பெரிய தொகை. அதனால் மடலில் பெயர் வருவதும் பெரிய விஷயம்.

மடலைத் தொடங்கியவர் எனக்குப் பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்த சமூக அறிவியல் சார். 2025-ல் கல்வியாண்டு முடியும்போது அவர் ஓய்வு பெற இருந்தார். அந்தப் பிப்ரவரியில் 43 மாணவர்களைக் கீழடிக்கு அழைத்துப் போனார். அவர் நடத்திய கடைசிச் சுற்றுலா, போட வேண்டிய கடைசி மடல்.

நான்கு நாள் கழித்து இரவு ஒன்பது மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"ஏம்மா, தூங்கிட்டியா? ஒரு தப்புப் பண்ணிட்டேன். சுற்றுலாப் படம் பூராவும் போச்சு."

என்ன நடந்தது?

சார் ஓய்வுக் காலத்துக்கு என்று புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். விண்டோஸ் 11 போட்டது. பள்ளி கேமராவில் இருந்த 16 ஜி.பி. மெமரி கார்டை, கேமராவை ஆப் செய்யாமலே உருவி, கார்டு ரீடரில் செருகியிருக்கிறார். உடனே திரையில் ஒரு செய்தி வந்திருக்கிறது. 'இந்த டிரைவில் உள்ள டிஸ்க்கைப் பயன்படுத்த அதை பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்பது அதன் பொருள். கீழே பார்மட் டிஸ்க், கேன்சல் என்று இரண்டு பட்டன்கள்.

கம்ப்யூட்டரே கேட்கிறது, சரியாகத்தான் கேட்கும் என்று நினைத்து சார் முதல் பட்டனை அழுத்திவிட்டார். அடுத்து ஸ்டார்ட். பிறகு திறந்து பார்த்தால் கார்டு காலி!

நண்பர்களே, இந்தச் செய்தி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேன்சல் கொடுங்கள். கார்டில் எழுதப்பட்டிருக்கும் குறிப்புகளை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே இதன் அர்த்தம். படங்கள் அழிந்துவிட்டன என்பதல்ல. சில நேரம் கார்டை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி செருகினாலோ, வேறு கார்டு ரீடரில் போட்டாலோ கூட எல்லாம் தெரிந்துவிடும்.

பார்மட் செய்தால் எல்லாம் அழிந்துவிடுமா?

ஒரு தடிமனான புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால் எப்படி இருக்கும்? எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் என்று தெரியாது. ஆனால் பாடங்கள் உள்ளே அப்படியேதான் இருக்கும். குவிக் பார்மட் என்பது ஏறக்குறைய இதுதான். எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் காலி செய்துவிட்டு, 'இடம் எல்லாம் காலி' என்று குறித்து வைக்கும். படங்கள் இருந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாத வரை அவற்றை மீட்க வாய்ப்பு உண்டு.

ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. பார்மட் விண்டோவில் குவிக் பார்மட் என்ற இடத்தில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு பார்மட் செய்தால், விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ்கள் கார்டு முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதிவிடும். அதற்குப் பின் எந்த சாப்ட்வேரும் உதவாது. சார் அந்த டிக்கைத் தொடவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் எங்கள் அதிர்ஷ்டம்!

போனில் நான் சொன்னது இவ்வளவுதான்: "சார், கார்டை வெளியே எடுங்க. பக்கவாட்டில் சின்னதா ஒரு பூட்டு இருக்கும், அதை லாக் பக்கம் தள்ளுங்க. நான் சனிக்கிழமை வரும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது."

எஸ்.டி. கார்டின் இடப்பக்கம் உள்ள அந்தச் சிறு பொத்தானைக் கீழே தள்ளிவிட்டால், கார்டைப் படிக்கலாம், எழுத முடியாது. பலருக்கு இது தெரிவதில்லை.

போட்டோரெக் மூலம் மீட்பது எப்படி?

சனிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக சார் வீட்டுக்குப் போனேன். நான் பயன்படுத்தியது போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேர். டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு சாப்ட்வேருடன் சேர்ந்தே கிடைக்கிறது. இரண்டும் ஓப்பன் சோர்ஸ். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை.

1. டெஸ்ட்டிஸ்க்கின் ஜிப் பைலை டவுன்லோட் செய்து, ஹார்ட்டிஸ்க்கில் ஒரு போல்டரில் பிரித்துக்கொள்ளுங்கள். கார்டில் அல்ல!

2. அதில் கியூபோட்டோரெக் என்ற பைலை டபுள் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் அனுமதி கேட்கும். எஸ் கொடுங்கள்.

3. மேலே உள்ள பட்டியலில் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். அளவைப் பார்த்துக் கார்டு எது, ஹார்ட்டிஸ்க் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. கீழே பைல் சிஸ்டம் வகை கேட்கும். கேமரா கார்டு என்றால் பேட், என்.டி.எப்.எஸ். என்று உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அருகில் ப்ரீ, ஹோல் என இரண்டு இருக்கும். பார்மட் ஆன கார்டுக்கு ஹோல் போடுங்கள்.

5. பைல் பார்மட்ஸ் பட்டனை அழுத்தி எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, ஜேபெக் மட்டும் போதும் என்று வையுங்கள். வேண்டாத பைல்கள் குவியாது.

6. மீட்ட படங்களைச் சேமிக்க ஹார்ட்டிஸ்க்கில் புது போல்டரைக் காட்டிவிட்டு, சர்ச் கொடுங்கள்.

சுமார் 20 நிமிடம் ஓடியது. எண்ணிக்கை ஏற ஏற சார் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பைல் பெயர்கள் திரும்ப வராது. எப் என்ற எழுத்தும் ஏதோ எண்களுமாகப் பெயர் இருக்கும். கவலை வேண்டாம். படம் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகி இருக்கும். போல்டரில் ரைட் கிளிக் செய்து, சார்ட் பை மெனுவில் டேட் டேக்கன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சுற்றுலா நடந்த வரிசையில் படங்கள் வந்து நிற்கும்.

வராமல் போன 9 படங்கள்

சார் எடுத்தவை மொத்தம் 231. திரும்பி வந்தவை 222. ஆனால் வரிசைப்படி பார்த்தபோது முதல் 9 படங்கள் இல்லை. அதற்குப் பதிலாகப் பள்ளிப் பெயர்ப் பலகை 8 முறை வந்திருந்தது!

"கார்டு கெட்டுப் போச்சான்னு பார்க்க, பார்மட் பண்ணின பிறகு சும்மா எடுத்துப் பார்த்தேம்மா" என்றார் சார்.

காலியான கார்டில் கேமரா முதலிலிருந்து எழுதத் தொடங்கும். அந்த 8 படங்களும் பழைய 9 படங்கள் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. அவற்றை இனி யாராலும் மீட்க முடியாது. விடியற்காலையில் பள்ளி வாசலில், பஸ் முன்னால் நின்று எடுத்த படங்கள் அவை. 43 பேரும் ஒன்றாக இருந்தது அதில் மட்டும்தான். கீழடியில் குழுக் குழுவாகத்தான் எடுத்திருந்தார்கள்.

சார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் எனக்குக் காபி கொண்டு வந்தார்.

பிறகு பிள்ளைகளை வழியனுப்ப வந்த பெற்றோர்களை விசாரித்தோம். ஒரு மாணவியின் அம்மா தன் மொபைலில் ஒரு படம் எடுத்திருந்தார். ஓரத்தில் ஒரு ஆட்டோ மறைத்ததில் நான்கு பேர் பாதிதான் தெரிந்தார்கள். ஆனாலும் எல்லோரும் இருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு குறைந்துவிடும். எனவே டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொன்னோம். அப்படி அனுப்பினால் மூலப் படம் குறையாமல் வரும். நீங்களும் அச்சுக்கு வேண்டிய படம் என்றால் இப்படியே கேட்டு வாங்குங்கள்.

பெயரில் விழுந்த கட்டம்

மடலின் டைப்பிங் இன்னொரு கதை. முந்தைய ஆண்டுகளில் பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்து வந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். 2024 மடலை அச்சிட்டபோது, உதவித்தொகைக்குத் தேர்வான ஒரு மாணவியின் பெயரில் 'ஸ்ரீ' வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் வந்துவிட்டது. அவள் அந்த இடத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள் என்று சார் சொன்னார்.

இந்த முறை முழுவதும் யூனிகோடில் டைப் செய்தோம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் என்று போய்த் தமிழைச் சேர்த்தால் கீபோர்டும் சேர்ந்து வரும். நிர்மலா யு.ஐ. என்ற தமிழ் எழுத்துருவும் விண்டோஸில் உண்டு. யூனிகோடில் அடித்த தமிழ் எந்தக் கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் தமிழாகவே தெரியும். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது வேர்டில் சேவ் ஆஸ் போய் பி.டி.எப். ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். பக்க அமைப்பும் மாறாது.

150 எம்.பி. பைல் எப்படிக் குறைந்தது?

கேமராப் படம் ஒவ்வொன்றும் சுமார் 5 எம்.பி. அதில் 30 படங்களை வேர்டில் சேர்த்ததும் பைல் 150 எம்.பி. ஆகித் திணறத் தொடங்கியது. 8 செ.மீ. அகலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால் 945 புள்ளிகள் போதும். கேமராப் படத்தின் அகலமோ 4608 புள்ளிகள்!

வேர்டில் ஏதாவது ஒரு படத்தைக் கிளிக் செய்து, பிக்சர் பார்மட் டேபில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் கொடுங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, பிரிண்ட் அளவான 220-ஐத் தேர்ந்தெடுங்கள். எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் குறைந்துவிடும். மூலப் படங்களை வேறு போல்டரில் பத்திரமாக வைத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள்.

பிள்ளைகளின் விவரங்கள் பத்திரம்

மடலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட சார் விரும்பினார். ஒருமுறை போட்டுவிட்டால் அது எங்கே போகும் என்று நம்மால் சொல்ல முடியாது. எனவே சாதனையாளர் பக்கத்தில் இருந்த வீட்டு முகவரி, மொபைல் எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் நீக்கினோம். படம் போடப் பெற்றோரிடம் அனுமதி கேட்டோம். ஒருவர் வேண்டாம் என்றார். அந்தப் பிள்ளைக்குப் பெயர் மட்டும் போட்டோம்.

மொபைலில் எடுத்த படங்களில் இடத்தின் விவரமும் பதிந்திருக்கலாம். தனிப் படமாக அனுப்பும் முன் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போய்க் கீழே உள்ள ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் லிங்க் மூலம் அதை நீக்கலாம்.

மூன்று இடத்தில் வையுங்கள்

கிளம்பும் முன் சாருக்கு நான் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு இது. நீங்களும் மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

- கேமராவை ஆப் செய்துவிட்டே கார்டை எடுக்க வேண்டும்.
- படங்களை கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள்.
- காப்பி ஆன பின் நாலைந்து படங்களைத் திறந்து பாருங்கள்.
- கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வீட்டுக்கு வெளியே அல்லது ஆன்லைனில் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கட்டும்.
- அதன் பிறகே கார்டைக் காலி செய்யுங்கள்.

மடல் ஏப்ரலில் வந்தது. நடுப் பக்கத்தில் கீழடி. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் பார்த்தவற்றைத் தாங்களே எழுதியிருந்தார்கள். உறை கிணறு, தந்தத்தில் செய்த பகடை, கி.மு. 580 என்று காலம் கணிக்கப்பட்ட கரித்துண்டு எல்லாம் இருந்தன. நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த 56 தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் பற்றி ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். ஆதன், குவிரன் என்று பானையில் எழுதிய பெயர் இத்தனை காலம் நிற்கிறதே என்று வியந்திருந்தாள். பெயரில் கட்டம் விழுந்ததே, அந்த 'ஸ்ரீ' மாணவிதான் அவள். இந்த முறை அவள் பெயர் சரியாக வந்திருந்தது.

முதல் பக்கத்தில் 43 பேரும் பஸ் முன்னால் நிற்கும் மொபைல் படம். ஆட்டோவும் இருந்தது. அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்மா, வெட்டினா அந்த நாலு பேரும் போயிருவாங்க" என்றார் சார்.

இன்று உங்கள் கேமராவிலும் மொபைலிலும் உள்ள படங்களுக்கு எத்தனை பிரதி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒன்றுதான் என்றால், இந்தப் பக்கத்தை மூடியதும் முதல் வேலையாகக் காப்பி செய்யுங்கள்.