சர்வதேசப் பாடசாலை: பெயர்ப்பலகைக்குப் பின்னால்

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ் பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று ஓடி வந்து குறிகட்டுவானில் நின்றுவிடும். அதற்கப்பால் கடல்தான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் இங்கே படகு ஏற வேண்டும். காலைப் படகில் ஆசிரியர்களும் ஏறுகிறார்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் அன்று சில வகுப்புகளில் பாடம் நடக்காது. ஆங்கிலத்துக்கு ஒரேயொரு ஆசிரியர் இருக்கிற பாடசாலையில் அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் ஒரு தவணையே ஆங்கிலம் இல்லாமல் கழிந்துவிடுவதும் உண்டு.

இந்தத் துறையில் காத்திருக்கும்போது பெற்றார் எங்களிடம் கேட்கிற ஒரு கேள்வி இது: "மாஸ்டர், ரவுணிலை ஒரு இன்ரநாஷனல் ஸ்கூலிலை சேர்த்துவிட்டால் பிள்ளை தப்பிவிடுமோ?" இதே கேள்வியை வேறொரு வடிவத்தில் நம்மவர்களிடமும் கேட்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கொழும்பிலும் வேரூன்றிய குடும்பங்கள் மீள்குடியேற்றத்தைப் பற்றிப் பேசும்போது, "ஊருக்கு வரத்தான் விருப்பம் சேர், புள்ளைகள்ட படிப்புக்கு என்ன செய்ற?" என்கிறார்கள். ஒரு குடும்பம் எங்கே வாழ்வது என்பதையே பாடசாலை தீர்மானிக்கிற காலம் இது. ஆகவே 'சர்வதேசப் பாடசாலை' என்று நாம் சொல்வது உண்மையில் என்ன என்பதை விளங்கிக்கொள்வது அவசியமாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. அப்போது பெயர்பெற்ற பாடசாலைகளில் பல மிஷனரிமாரின் கையிலும் மதச் சபைகளின் கையிலும் இருந்தன. அரசு அவற்றுக்கு உதவிப்பணம் கொடுத்துவந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அந்த உதவி பெறும் பாடசாலைகளை அரசின் பொறுப்புக்குக் கொண்டுவந்தன. யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில, தனியார் பாடசாலைகளாகவே நின்றன. இதோடு இன்னொரு விடயமும் சட்டமாகியது. 5 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழி அடைபட்டது.

அப்படியென்றால் இன்று தெருவுக்குத் தெரு காணும் பெயர்ப்பலகைகள் எப்படி வந்தன? 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுக் கம்பனிகள் வந்தன, அவர்களின் குடும்பங்களும் வந்தன. வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கென 1957இலேயே கொழும்பில் 'ஓவர்சீஸ் ஸ்கூல்' தொடங்கப்பட்டிருந்தது. 1982இல் 'கொழும்பு இன்டர்நேஷனல் ஸ்கூல்' வந்தது. அதன் பிறகு வந்தவை பல. கல்விச் சட்டத்தின் வாசல் பூட்டியிருந்தபடியால் இவை கம்பனிச் சட்டத்தின் வாசலால் உள்ளே வந்தன. அதாவது, கல்வி அமைச்சின் ஏட்டில் பாடசாலையாக அல்லாமல், கம்பனிப் பதிவாளரின் ஏட்டில் வணிக நிறுவனமாகப் பதிவு பெற்றன.

இது வெறும் அலுவலக விபரம் என்று நினைக்கக்கூடாது. அரசாங்கப் பாடசாலையில் குறையிருந்தால் அதிபரிடம் போகலாம், வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம், மாகாணத்துக்கும் எழுதலாம். கம்பனியாக நடக்கும் பாடசாலையில் கட்டணம் எவ்வளவு, ஆசிரியருக்கு என்ன தகைமை வேண்டும், எந்தப் பாடம் எத்தனை பாடவேளை என்பதையெல்லாம் நிர்வாகமே முடிவுசெய்கிறது. நல்ல நிர்வாகமானால் பாடசாலையும் நல்லது. மிகச் சிறந்த சர்வதேசப் பாடசாலைகள் நாட்டில் இருக்கின்றன. ஆனால் 'சர்வதேச' என்ற சொல்லைப் பலகையில் எழுதுவதற்கு ஒருவரும் பரீட்சை வைப்பதில்லை. ஒரே பெயரின் கீழ் மிக உயர்ந்ததும் இருக்கும், வாடகை வீட்டில் நடக்கும் நாலு வகுப்பும் இருக்கும்.

யாருக்காக உண்டானது?

தூதரக அதிகாரி ஒருவரின் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இன்று கொழும்பு, மூன்று வருடம் கழித்து வேறொரு தலைநகரம். அந்தப் பிள்ளைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் தொடரக்கூடிய ஒரு பாடத்திட்டம் வேண்டும். அதற்குத்தான் சர்வதேசப் பாடசாலை என்ற ஏற்பாடே உண்டாகியது. நம் பிள்ளையின் தேவை அதுவல்ல. நம் பிள்ளை இந்த நாட்டில் வளர்ந்து, பெரும்பாலும் இந்த நாட்டிலேயே தொழில் தேட வேண்டிய பிள்ளை.

புங்குடுதீவிலிருந்து கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போனவர்களைப் பாருங்கள். அங்கே இவர்கள்தான் வெளிநாட்டவர். ஆனாலும் பெரும்பாலானோர் பிள்ளைகளை அந்தந்த நாட்டு அரசாங்கப் பள்ளியிலேயே விடுகிறார்கள். அந்த நாட்டு மொழியில் பிள்ளை படிக்கிறது. வார இறுதியில் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போனவர் பிள்ளைக்குத் தமிழைத் தேடி அலைகிறார். இருப்பவர் காசு கொடுத்து அதே தமிழைக் குறைத்துக்கொள்கிறார்.

பரீட்சையும் பல்கலைக்கழகமும்

பெற்றார் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். சர்வதேசப் பாடசாலைகள் பல, எடெக்செல் அல்லது கேம்பிரிட்ஜ் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்படுத்துகின்றன. சில பாடசாலைகள் உள்ளூர்ப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் கற்பிக்கின்றன. இரண்டும் வெவ்வேறு பாதைகள். நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களுக்கான வழக்கமான வாசல், இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் அதில் பெறும் இஸட் புள்ளியும்தான். அந்த அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கும் உள்ளூர் உயர்தரப் பெறுபேறே வேண்டும். லண்டன் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது தனியார் பட்டப்படிப்பு, அல்லது வெளிநாடு. இரண்டுக்கும் பணம் வேண்டும். தரம் 1இல் சேர்க்கும்போதே அந்தப் பணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பரீட்சைக் கட்டணம் பவுணில் தீர்மானிக்கப்படுகிறது, நாம் ரூபாயில் கட்டுகிறோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. பவுணும் அதோடு ஏறியது. பிள்ளை படித்த பாடம் மாறவில்லை, கேள்வித்தாளும் மாறவில்லை. ஆனால் அதே பரீட்சையை எழுதுவதற்கு வாப்பா தேட வேண்டிய தொகை மாத்திரம் எங்கேயோ போய்விட்டது.

ஆங்கிலமும் தமிழும் பகையா?

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை. தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்த எனக்கே ஆங்கிலத்தின் தேவை நன்றாகத் தெரியும். கேள்வி, ஆங்கிலத்தைப் பெறுவதற்குத் தமிழை விலையாகக் கொடுக்க வேண்டுமா என்பதே.

குறிகட்டுவானுக்கு வடகிழக்கே, கடலுக்கு அப்பால் வட்டுக்கோட்டை இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அங்கே தொடங்கிய செமினரியில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் நடந்தன, தமிழ் இலக்கியமும் இலக்கணமும் கூடவே நடந்தன. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானார். அதே மனிதர்தான் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

நம் சமூகத்திலும் இந்த வழி உண்டு. மதமாற்றத்துக்கு அஞ்சி நம் முன்னோர் மிஷன் பாடசாலைகளை விட்டு ஒதுங்கியிருந்த காலத்தில், சட்டத்தரணியான சித்திலெப்பை ஆங்கிலமும் கற்பிக்கும் முஸ்லிம் பாடசாலைகளுக்காக உழைத்தார். அவரே 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார், 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, ஆங்கிலம் கோலோச்சிய சிவில் சேவைக்குள் புகுந்த முதல் முஸ்லிம். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாவின் அதிபராயிருந்தார். அவரும் நமக்குத் தமிழில் நூல்கள் எழுதித் தந்துவிட்டே போனார். இவர்கள் எல்லாரிடமும் ஆங்கிலம் இருந்தது. தமிழும் குறைவில்லாமல் இருந்தது.

இன்றைய சர்வதேசப் பாடசாலைகள் பலவற்றில் தமிழ் இரண்டாம் மொழியாகிச் சில பாடவேளைகளோடு முடிந்துவிடுகிறது. முஸ்லிம்கள் நடத்தும் இடங்களில் அறபும் நேரம் கேட்கும், முதலில் சுருங்குவது தமிழ்தான். விளைவு வீட்டில் தெரியும். ஜும்ஆவில் மௌலவி தமிழில் செய்யும் பயான் பிள்ளைக்குப் பாதிதான் விளங்கும். உம்மம்மா சொல்லும் கதைக்கு ஆங்கிலத்தில் பதில் வரும். இந்தச் சஞ்சிகை அந்தப் பிள்ளைக்கு வெறும் படம் பார்க்கும் தாள்.

சேர்க்குமுன் கேட்க வேண்டியவை

பலகையைப் பார்த்து மயங்காமல் பெற்றார் ஐந்து விடயங்களைக் கேட்டறிய வேண்டும். ஒன்று, கடைசியில் பிள்ளை எழுதப்போவது எந்தப் பரீட்சை? இரண்டு, மாதக் கட்டணத்தோடு சேர்க்கைப் பணம், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து பதின்மூன்று வருடத்துக்கு என்ன வரும்? மூன்று, ஆசிரியர்களின் தகைமை என்ன, எத்தனை பேர் ஐந்து வருடத்துக்கு மேல் அங்கே நிற்கிறார்கள்? நான்கு, தமிழ் எந்தத் தரம் வரைக்கும், என்ன மட்டத்தில்? ஐந்து, இடையில் பணம் முடியாமல் போனால் பிள்ளையை எந்த அரசாங்கப் பாடசாலையில், எந்த மொழியில் சேர்ப்பது? ஐந்தாவதுக்கு விடை இல்லாமல் ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவிலும் 2002இல் தரம் 6இலும் அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சட்டத்தில் வழி இருக்கிறது. தீவகத்தில் இல்லாதது, அந்த வழியில் கூட்டிக்கொண்டு போக நின்று படிப்பிக்கும் ஆசிரியர். நெடுந்தீவில் படிப்பிக்கிறவருக்குப் படகையும் பஸ்ஸையும் சேர்த்தால் ஒரு நாளில் பாதி பயணத்திலேயே போய்விடும். கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் அவர் போய்விடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது.

ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் பாடசாலைக்கு வளைவு கட்டித் தருகிறார்கள், கல்வெட்டில் பெயரும் பொறிக்கிறார்கள். அந்தக் காசில் தண்ணீரும் மின்சாரமும் ஒழுங்காக உள்ள ஓர் ஆசிரியர் விடுதியைத் திருத்திக் கொடுத்தால், இரண்டு ஆங்கில ஆசிரியர்கள் கிழமை நாட்களில் அங்கேயே தங்குவார்கள். மீள்குடியேறும் முஸ்லிம் குடும்பங்களுக்காகப் பள்ளிவாசல் கட்ட முன்வரும் நம் தனவந்தர்களுக்கும் இதையே சொல்வேன். பள்ளிவாசலோடு பாடசாலைக்கும் ஒரு விடுதி கட்டுங்கள். ஒரு பிள்ளையை ரவுணுக்கு அனுப்ப ஒரு குடும்பம் கடன்படுவதைவிட, ஓர் ஆசிரியரை ஊரில் தங்கவைக்க ஊர் சேர்ந்து செலவழிப்பது மலிவு. அதில் படிப்பதும் ஒரு பிள்ளை மட்டுமாக இராது.