ஏஐ கோர்ஸுக்கு யாரோ ஃபீஸ் கட்டுறாங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



"ஏஐ வந்தா நம்ம வேலை என்ன ஆகும்?" இதுக்கான பதில் நாட்டுக்கு நாடு மாறும். சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வுப்படி, ஏஐ தொடக்கூடிய வேலைகள் பணக்கார நாடுகளில் சுமார் 60%, வளரும் நாடுகளில் 40%, ஏழை நாடுகளில் 26%.

அப்போ நமக்குப் பாதிப்பு கம்மிதானே? அப்படி இல்லைங்க. ஏஐ சில வேலைகளில் ஆளுக்கு உதவும். சிலதில் ஆளையே குறைக்கும். அதை உதவியா மாத்திக்க நல்ல இன்டர்நெட், பயிற்சி, முதலீடு எல்லாம் வேணும். வளரும் நாடுகள்ல இதெல்லாம் குறைவு. இன்னொரு விஷயம்: இந்தியாவில் ஐடி, பிபிஓ துறையில் 50 லட்சத்துக்கும் மேல் வேலை செய்யறாங்க. இந்த வேலைகள் இங்க வந்ததுக்கு ஒரு பெரிய காரணம், இங்க சம்பளச் செலவு குறைவு. அதே வேலையை மென்பொருள் இன்னும் மலிவா செஞ்சா? அதனால இந்த விஷயத்தைப் படிக்கிறது, உங்க சம்பளத்தோட எதிர்காலத்தைப் படிக்கிற மாதிரிதான்.

குறைந்த செலவில் எங்கே படிக்கலாம்?

• ஸ்வயம் / என்பிடெல்: மத்திய அரசு நிதியில் நடக்குது. பாடம் இலவசம். சான்றிதழ் வேணும்னா மட்டும் தேர்வுக் கட்டணம், ஒரு என்பிடெல் பாடத்துக்கு ₹1,000.

• எம்ஐடியின் மைக்ரோமாஸ்டர்ஸ்: 2019-ல் நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ பங்கெடுக்கும், வளரும் நாடுகளின் பொருளாதாரம் பற்றிய படிப்பு. பாடத்தை இலவசமாப் பார்க்கலாம். தேர்வுக் கட்டணம் உங்க வருமானத்தைப் பொறுத்தது.

• கோர்ஸெரா: பல கோர்ஸ்களுக்கு நிதி உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

கம்பெனி கட்டினா?

நல்ல விஷயம்தான். ஆனா பாண்ட் இருக்கான்னு பாருங்க. ஒரு உதாரணம்: கோர்ஸ் ஃபீஸ் ₹80,000, பாண்ட் 2 வருஷம். சேர்ந்த உடனேயே மாசம் ₹8,000 கூடுதலா ஒரு வேலை கிடைக்குது. பாண்டுக்காக அதை விட்டா, 2 வருஷத்தில் இழப்பு ₹1,92,000. ₹80,000-ஐக் கட்டிட்டுப் போனா, 10 மாசத்தில் அந்தப் பணம் திரும்பிடும். ஆனா பாண்ட் தொகை ₹3 லட்சம்னு எழுதியிருந்தா கணக்கு தலைகீழ். அதனால ஃபீஸ் எவ்வளவு, பாண்ட் தொகை எவ்வளவு, மாசா மாசம் அது குறையுமான்னு எழுத்துல கேளுங்க.

"பாண்ட் எல்லாம் கோர்ட்ல நிக்காது ப்ரோ"ன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. விஜயா வங்கி வழக்கில், 3 வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டவர் ₹2 லட்சம் கட்டணும்ங்கற நிபந்தனை செல்லும்னு 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அது பயிற்சிக்கான பாண்ட் இல்லை, பணியில் சேரும்போது போட்டது. இருந்தாலும் கையெழுத்துக்கு மதிப்பு உண்டுங்கறது இதுல தெளிவு.

ரெண்டு எச்சரிக்கை

1. "100% ஸ்காலர்ஷிப், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க"ன்னு மெசேஜ் வந்தா உஷார். அந்தக் கட்டணம்தான் அவங்க குறி.

2. "நோ காஸ்ட் இஎம்ஐ" நிதி உதவி இல்லை. உங்க பேர்ல எடுக்கிற கடன். கோர்ஸ் பிடிக்காம பாதியில விட்டாலும் தவணை ஓடும். தவறினா சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

என்ன செய்யலாம்?

முதல்ல ஒரு இலவசப் பாடத்தை எடுத்து, வாரம் 4 மணி நேரம்னு ஒரு மாசம் உட்காருங்க. முடிச்சீங்கன்னா சான்றிதழுக்குப் பணம் கட்டலாம். நடுவுல விட்டாலும் உங்க பர்ஸ்ல ஒரு ரூபாய் குறையாது. அதுக்கப்புறம் பெரிய கோர்ஸ், பாண்ட் எல்லாம் யோசிங்க.

உங்க ஆபீஸ்ல பாண்ட் பேப்பர் நீட்டினா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு நாள் டைம் கேளுங்க. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, மேலே சொன்ன கணக்கை உங்க நம்பர்களை வெச்சுப் போட்டுப் பாருங்க.