சத்தம் போடாத டிம்மர்



இந்த வார எபிசோடில் ஸ்டூடியோ இரைச்சல் பற்றிப் பேசினோம். விளக்குப் பக்கம் வர நேரம் போதவில்லை. அதை இங்கே எழுதிடறேன்.

நான் ஒலிப்பதிவு செய்யும் அறை யாங்கோனின் பபேடானில், மூன்றாவது மாடியில் இருக்கு. 1871-ல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இருப்பதும் இதே பேட்டையில்தான். இங்கே வந்து பேசுறவங்க, பாடுறவங்க பாதிப் பேர் எழுபதைத் தாண்டிய பெரியவங்க. அவர்களுடைய தமிழும் தாலாட்டும் இன்னொரு தடவை பதிவாகும்னு உறுதியாச் சொல்ல முடியாது. மைக் முன்னாடி உட்காரும்போது கண் கூசாத வெளிச்சம் இருந்தாத்தான் மனசு விட்டுப் பேசுறாங்க. ஆனா சாதாரண சுவர் டிம்மரைத் திருகினால், பதிவில் ‘ஜ்ஜ்ஜ்’னு ஒரு இரைச்சல் வந்து உட்காரும்.

காரணம் என்ன? சுவர் டிம்மருக்குள் இருப்பது ட்ரையாக். அது மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஒவ்வொரு அரை அலையிலும் கொஞ்ச நேரம் காத்திருந்து, திடீர்னு சுவிட்சைப் போடுது. இங்கே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதனால் நொடிக்கு 100 தடவை. அந்த அதிர்ச்சியில் பல்பின் இழையே நடுங்கிப் பாடும். அது மைக்கில் விழும். ஒயரிலிருந்து கிளம்பும் குறுக்கீடு கிட்டார் பிக்கப்பிலும் கேபிளிலும் ஏறும். 100, 200, 300 என்று அடுக்கடுக்கா வருவதால், குரலைக் கெடுக்காமல் அதை மட்டும் வடிகட்டுவது கஷ்டம். பாதி வெளிச்சத்தில்தான் இது ரொம்ப மோசம்.

இதற்குப் பழைய வைத்தியம் வேரியாக். 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ நிறுவனம் கொண்டுவந்தது. இந்தியாவில் பொறியியல் படிச்சவங்களுக்கு ‘டிம்மர்ஸ்டாட்’னா உடனே புரியும். வளையமாகச் சுற்றிய ஒரே காப்பர் சுருள். அதன்மேல் நகரும் ஒரு கார்பன் பிரஷ். குமிழைத் திருப்பினால் அழுத்தம் மட்டும் குறையும், அலை முழுசாவே இருக்கும். சுவிட்சிங் இல்லை, அதனால் குறுக்கீடும் இல்லை. அழுத்தத்தைப் பாதியாக்கினால் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிடும். 10 சதவீதம் குறைச்சாலே பல்பின் ஆயுள் சில மடங்கு கூடும்.

வாங்குவதற்கு முன் நாலு விஷயம்:

முதலாவது, வேரியாக்கே லேசா ‘ம்ம்’னு உறுமும், காந்தப்புலமும் கசியும். அதைப் பதிவறைக்கு வெளியே வையுங்க.

இரண்டாவது, இது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போவதற்கும் இடையே தனிமைப்படுத்தல் கிடையாது. குமிழ் கீழே இருந்தாலும் ஷாக் அடிக்கலாம். பல்பைத் தொடும் முன் மெயினை அணைக்கணும்.

மூன்றாவது, ஃபியூஸ் பிரஷ் பக்கத்திலும் கட்டாயம் வேணும். 4 ஆம்பியர் வேரியாக்கை 60 வோல்ட்டில் வைத்து, தவறுதலா 10 ஆம்பியர் இழுத்தால், 230 வோல்ட் உள்வழியில் சுமார் 2.6 ஆம்பியர்தான் தெரியும். அந்தப் பக்கத்து 4 ஆம்பியர் ஃபியூஸ் சும்மா பார்த்துக்கிட்டிருக்கும், பிரஷ் கருகும். தீ பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

நான்காவது, இது குண்டு பல்புக்கும் ஹாலோஜனுக்கும்தான். பெரும்பாலான எல்இடி பல்புகள் அழுத்தம் குறைந்தாலும் அதே வெளிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அப்புறம் மினுக்கி அணையும். எல்இடிதான் வேணும்னா, அறைக்கு வெளியே நல்ல டிசி சப்ளை வைத்து, சுவிட்சிங் இல்லாமல் மின்னோட்டத்தைக் குறைக்கும் முறையைத் தேடுங்க.

மின்வெட்டு நேரத்துக்கும் ஒரு வார்த்தை. சைன் அலை தராத மலிவு இன்வெர்ட்டரில் வேரியாக்கும் பல்பும் சேர்ந்து உறுமும். கரண்ட் போனா நான் பதிவை நிறுத்திட்டு, பெரியவங்களுக்கு டீ சொல்லிடுவேன்.

உங்க அறையில் பிரச்சினை டிம்மரா, வேறு ஏதாவதான்னு தெரியணுமா? பழைய ஏஎம் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் டியூன் பண்ணி, டிம்மர் பக்கத்தில் கொண்டுபோங்க. குமிழைத் திருப்பத் திருப்ப ‘ஜ்ஜ்ஜ்’ மாறினால், குற்றவாளி அதுதான். என்ன கேட்டுச்சுன்னு எங்களுக்கும் பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் அதையே எடுத்துப் பேசுவோம்.