இரண்டு திருநெல்வேலிகள்

திருநெல்வேலி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு, தோழர்களே! ஒன்று தாமிரபரணி பாயும் நமது ஊர். மற்றொன்று யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள ஊர். பெயர் ஒன்று, பேச்சு ஒன்று, இடையிலே கிடப்பது கடல்!

1983 சூலை 23-ம் நாள் இரவு, அந்தத் திருநெல்வேலியிலே போராளிகள் தாக்கியதில் 13 இராணுவச் சிப்பாய்கள் மாண்டனர். மறுநாள் இரவே கொழும்பு எரியத் தொடங்கிற்று. தாக்கியவர் யாரோ, தண்டனை பெற்றவர் யாரோ! கடை வைத்தவரும், கணக்கு எழுதியவரும், பள்ளி சென்ற பாலகரும் தமிழர் என்பதற்காகவே வேட்டையாடப்பட்டனர். வெலிக்கடைச் சிறைக்குள்ளே மட்டும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். காவலில் இருந்தவனுக்கே காப்பில்லை!

என்ன செய்வாள் தாய்? வீடு போனால் கட்டிக்கொள்ளலாம், பிள்ளை போனால்? மூத்தவள் கையில் இளையவனைப் பிடித்துக் கொடுத்தாள். தாய்மாமனோடு மகனைப் படகேற்றினாள். 1983 முதல் 2012 வரை இப்படி இந்தியாவுக்கு வந்தோர் 3 இலட்சத்துக்கும் மேல். அவர்களை ஏற்றது மண்டபம் முகாம். வெள்ளையன் காலத்திலே நம் பாட்டன்மார் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போன வழியும் அதே மண்டபம்தான்! அன்று போனது வயிற்றுக்காக. பின்னர் வந்தது உயிருக்காக.

நெல்லைச் சீமையும் அவர்களுக்கு இடம் தந்தது. கோபாலசமுத்திரம் போன்ற ஊர்களிலே முகாம்கள் எழுந்தன. அக்காள் கைப்பிடித்து வந்த தம்பி தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தான், நம்மோடு சாரமேறிச் சுவருக்கு வண்ணம் அடித்தான், மணமுடித்தான், மக்களைப் பெற்றான். அந்த மக்கள் எந்த நாட்டு மக்கள்?

பிறந்த மண் போதாது என்கிறது சட்டம். 1987 சூலை முதல் நாளுக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாய் இருத்தல் வேண்டுமாம். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான் வந்தது, வங்கதேசம் வந்தது, ஆப்கானிஸ்தானும் வந்தது. கூப்பிடு தூரத்து இலங்கை வரவில்லை! 2025-ல் ஓர் ஆணை பிறந்தது: 2015 சனவரி 9-க்குள் வந்து பதிவு பெற்ற ஈழத் தமிழர்மீது, கடவுச்சீட்டு இல்லையென்று தண்டனை இல்லை. நன்று! தண்டனை இல்லை, ஆனால் உரிமை?

2021-ல் தமிழ்நாட்டு அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றிற்று. பெயர் மாறியது, நிலையும் மாறவேண்டும். குடியுரிமை தரும் அதிகாரம் டெல்லியிலே இருக்கிறது. ஆகவே கேள்வியும் டெல்லியை நோக்கியே எழவேண்டும்.

கிளைக் கூட்டம்தோறும் பேசுங்கள், தோழர்களே! இம்மண்ணிலே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கொடு. பிறந்த ஊர் திரும்ப விரும்பும் பெரியவருக்குப் பாதுகாப்பாகத் திரும்ப வழி செய்! இந்த இரண்டும் சலுகையல்ல, நியாயம்.

வழிப்போக்கனைத் திண்ணையிலே ஓரிரவு தங்க வைப்பது பண்பு. உறவுக்காரனை நாற்பது ஆண்டாகத் திண்ணையிலேயே வைத்திருப்பது எந்த ஊர்ப் பண்பு?